பதினொரு பேருக்கு இரண்டு மெம்பர்

நான் ரிட்டயர் ஆகும்போது எனக்கு வயது முப்பத்தி நான்கு. சிரிக்காதீர்கள். வேலையை நான் விடவில்லை, வேலைதான் என்னை விட்டது. அபுதாபிப் பக்கம் கடலின் ஆழத்தை அளக்கும் சர்வே போட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம் கம்பெனி ஒரு மஞ்சள் படகைத் தண்ணீரில் இறக்கியது. பார்க்கப் பெரிய சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். அதில் ஆளே கிடையாது. கரையில் ஏசி அறையில் ஒருத்தர் உட்கார்ந்து விரலால் ஓட்டுகிறார். அது டீ கேட்காது, லீவு கேட்காது, முக்கியமாக வாயாடாது. அந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் என்னை அனுப்பினார்கள் என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

ஊர் வந்து சேர்ந்த பிறகும் போட் குரூப்பில் இருக்கும் தம்பிமார் விடவில்லை. "அண்ணே, நீங்க எம்.பி.யா இருந்த கதைய எழுதுங்க, சங்கத்து மலர்ல போடுவோம்" என்று தினமும் வாய்ஸ் மெசேஜ். கணக்கு வாத்தியாரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் மலர்க் குழு திருத்திக்கொள்ளட்டும். அவர்களுக்கும் ஏதாவது வேலை வேண்டாமா?

வேலை பழகிய கதையை வளர்க்கப் போவதில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவனுக்குப் படகு புதிதில்லை. முதலில் கயிறு பிடித்தேன், பிறகு டெக் கழுவினேன், பிறகு சுக்கானைப் பிடிக்க விட்டார்கள். கம்பெனிப் பேப்பரில் என் பதவிக்கு காக்ஸன் என்று பெயர். ஊரில் என் அம்மா அதைக் கேப்டன் என்று மொழிபெயர்த்து எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை.

போட்டில் நாங்கள் மூன்று பேர். ஹெலன் மேடம் சர்வேயர், இங்கிலாந்துக்காரர், எங்களுக்கு மேலதிகாரி. சிவநேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், எஞ்சினும் டெக்கும் அவர் பொறுப்பு. மூன்றாவது ஆள் நான்.

காலையில் முதல் வேலை பார் செக். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத்தான் கருவி ஆழம் சொல்லும். அது உண்மை சொல்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஒரு இரும்புத் தட்டைச் சங்கிலியில் கட்டி, கருவிக்கு நேர் கீழே இறக்குவோம். சங்கிலியில் மீட்டருக்கு ஒரு அடையாளம் இருக்கும். அண்ணை இறக்கிக்கொண்டே உரக்கச் சொல்வார், "ஒண்டு... ரெண்டு... மூண்டு." ஒவ்வொரு இடத்திலும் திரையில் அதே எண் வர வேண்டும். கோடையில் அந்தக் கடல் கொதிக்கும், உப்பும் அதிகம், ஒலி கொஞ்சம் வேகமாக ஓடும். திரையில் எண் மாறினால் மேடம் கருவியைச் சரி செய்துவிட்டு முதலிலிருந்து இறக்கச் சொல்வார். அண்ணை முணுமுணுப்பார். மேடத்துக்குத் தமிழ் தெரியாதது அவருக்குப் பெரிய வசதி.

அதன் பிறகு கோடு. திரையில் நேராக ஒரு கோடு இருக்கும். அதன் மேலேயே போட் போக வேண்டும். கோடு முடிந்ததும் திரும்பி, பக்கத்துக் கோட்டில் வர வேண்டும். வயல் உழுகிற மாதிரிதான், ஆனால் இந்த வயல் ஆடிக்கொண்டே இருக்கும். அலை தள்ளும், காற்று தள்ளும், என் வாயும் என்னைத் தள்ளும். கோட்டை விட்டு விலகினால் மேடம் திட்ட மாட்டார். கையிலிருக்கும் பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். "மறுபடி" என்பார். அவ்வளவுதான். கோட்டின் தொடக்கத்துக்குப் போய் முதலிலிருந்து வர வேண்டும். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். பென்சிலுக்கு என்ன பதில் சொல்வது?

அலை அதிகமான நாட்களில் அது அடங்கும் வரை நங்கூரம் போட்டுக் காத்திருப்போம். அப்போதுதான் மேடம் பேசுவார். அவர் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் போய் நிற்கும். டனிச் என்று ஒரு ஊர். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரை. அவர் பிறந்தது அதற்குப் பக்கத்து ஊர். டனிச்சைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டே இருந்தார், முடிக்கவே இல்லை. அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அது பெரிய துறைமுகமாம். கப்பல் என்ன, தேவாலயங்கள் என்ன, சந்தை என்ன. அந்தப் பெருமைக்குப் பார்லிமெண்டில் இரண்டு மெம்பர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு புயல் வந்தது. துறைமுக வாயை மணல் மூடியது. கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தெருத் தெருவாக, கோயில் கோயிலாகத் தின்றது. பல நூறு வருடம் பொறுமையாகத் தின்று, கடைசியில் மிஞ்சியது கொஞ்சம் வீடும் கொஞ்சம் ஆட்களும்தான்.

"ஆனா மெம்பர்?" என்று கேட்டேன்.

"இரண்டு பேரும் வந்துகொண்டேதான் இருந்தார்கள்" என்றார் மேடம். "ஊரைக் கடல் எடுத்தது. சீட்டை யாரும் எடுக்கவில்லை."

அந்தச் சீட்டுகளை இரண்டு பணக்காரக் குடும்பங்கள் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டனவாம். பெரிய பெரிய ஆலை நகரங்கள் புதிதாக வந்திருந்தன. ஊர் நிறைய ஜனம், ஆனால் அவர்களுக்கு ஒரு மெம்பர்கூட இல்லை. தேர்தல் அன்று டனிச்காரர்கள் படகில் ஏறி, முழுகிப்போன டவுன் ஹாலுக்கு மேலே போய் ஓட்டுப் போடுவார்கள் என்றுகூட ஒரு கதை உண்டாம். அது பொய் என்று மேடமே சொன்னார். ஆனால் சொல்லும்போது அவருக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது.

நான் விடுவேனா? "எங்க ஊர்லயும் கடல் ரெண்டு தெருவத் தின்னுட்டு மேடம். ஒரு மெம்பரும் தரல" என்றேன். அண்ணை அதை இங்கிலீஷில் சொன்னார். மேடம் சிரித்துவிட்டு, எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இனி எங்கள் கேம்ப். மணலைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருந்த ஒரு திட்டின் முனையில் எங்கள் ஜெட்டி இருந்தது. அதை ஒட்டி போர்ட்டாகேபின் என்கிற தகர அறைகள் ஒரு வரிசை. அதுதான் ஜெட்டி கேம்ப். கடலைத் தோண்டும் வேலை நடந்த காலத்தில் அங்கே முந்நூறு பேர் இருந்தார்களாம். நான் சேர்வதற்குள் தோண்டும் வேலை முடிந்து, எல்லோரையும் முசாஃபாவில் இருக்கும் பெரிய கேம்புக்கு மாற்றிவிட்டார்கள். மிஞ்சியது படகு ஓட்டும் நாங்கள் பதினொரு பேர்.

கம்பெனியில் தொழிலாளர் கமிட்டி ஒன்று உண்டு. கேம்புக்கு இரண்டு மெம்பர். மாதம் ஒரு கூட்டம். முசாஃபா கேம்பில் ஆயிரம் பேருக்குமேல், இரண்டு மெம்பர். எங்கள் பதினொரு பேருக்கும் இரண்டு மெம்பர். அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் தேர்தல் மீன்குழம்பு கொதிக்கும்போது நடந்தது. இங்கிலீஷ் தெரியும் என்று அண்ணையைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னை ஏன் என்று கேட்டதற்கு, "நீ மாசத்துல ஒரு நாளாவது வேற எங்கயாவது போய் பேசுலே" என்றார்கள்.

கமிட்டி விதி ஒன்றுதான் இந்தக் கதைக்கு முக்கியம். மெம்பர் உள்ள கேம்பில்தான் முதலுதவி அறையும் நர்ஸும் வைக்கலாம்; ஒரு முறை வைத்துவிட்டால், அந்தக் கேம்ப் லிஸ்டில் இருக்கும் வரை வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. மெம்பர் இல்லாவிட்டால் அது கேம்பே இல்லை, வெறும் குடோன். அங்கே ஆள் தங்கவும் கூடாது. தோண்டும் வேலை நடந்த காலத்தில் அடிபடுவது அதிகம் என்று ஜெட்டியில் ஒரு நர்ஸை வைத்தார்கள். அவர் ஜெரோம் அண்ணன், எங்கள் கடற்கரைக்காரர். முந்நூறு பேர் போன பிறகும் அவர் எங்களோடே இருந்தார். கம்பெனி முழுவதற்கும் நர்ஸ் அவர் ஒருத்தர்தான். எங்களுக்கு எப்போதாவது தூண்டில் முள் விரலில் ஏறும், எடுத்துவிடுவார். மற்ற நேரம் எங்களோடு கேரம் ஆடுவார். வளைகுடாவிலேயே அதிக நர்ஸ் வசதி உள்ள இடம் எங்கள் கேம்ப்தான் என்று நான் சொல்வேன்.

முசாஃபா மெம்பர்களில் ஒருத்தர் பெரம்பலூர் சின்னதுரை அண்ணன், கம்பி கட்டும் ஃபோர்மேன். இன்னொருத்தர் ஒரு பீகார் பாய். ஒவ்வொரு கூட்டத்திலும் சின்னதுரை அண்ணன் எழுந்து நிற்பார்.

"ஐயா, எங்காளுங்க வெயில்ல கம்பி கட்டறாங்க. காய்ச்சல்னா டவுன் கிளினிக்குக்கு பஸ் புடிச்சுப் போய் ஒரு நாள் டியூட்டி போயிடுது. அந்த நர்ஸு ரூம எங்களுக்குக் குடுத்துருங்கய்யா."

கூட்டத்தை நடத்தும் கேம்ப் பாஸ் மலையாளி. விதியைப் படிப்பார். "ஜெட்டி கேம்ப் லிஸ்ட்ல உள்ள வரைக்கும் நர்ஸ் அவிடெதான். லிஸ்ட்ல இருந்து எடுக்கணும்னா வோட்டு வேணும்." அவருக்கு ஓட்டுக் கிடையாது. முசாஃபா மெம்பர் இரண்டு பேரும் கை தூக்குவார்கள். நாங்கள் இரண்டு பேரும் தூக்க மாட்டோம். இரண்டுக்கு இரண்டு, கலாஸ், கோரிக்கை அதோடு முடிந்தது. பிஸ்கட் வரும், கூட்டம் முடியும்.

எங்களுக்கும் காரணம் இருந்தது. லிஸ்டில் இருந்து போனால் கேம்பை மூடி எங்களையும் முசாஃபாவுக்கு அள்ளிப்போவார்கள். பிறகு விடியும் முன்பே பஸ். ஜெட்டியில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனைக் குழம்பாக்கித் தின்பதும் போச்சு. அண்ணைக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அவர் மகள் யாழ்ப்பாணத்தில் ஏ-லெவல், அதாவது நம்மூர் பிளஸ் டூ, படித்தாள். தினமும் அவள் பள்ளிக்கூடம் போகும் முன்பு, ஜெட்டி முனையில் தேநீரோடு உட்கார்ந்து அவளுக்கு ஃபோன் போடுவார். அந்த நேரத்தில் நான்கூட அந்தப் பக்கம் போக மாட்டேன். இருபது பேர் தூங்கி வழியும் பஸ்ஸில் அவர் எப்படிப் பேசுவார்?

ஒரு ஆகஸ்ட் மாதம், மதியம். கேரம் போர்டில் எனக்குச் சிவப்புக் காய் விழுந்துகொண்டிருந்த நேரம் ஜெரோம் அண்ணனுக்கு ஃபோன் வந்தது. முசாஃபாவிலிருந்து சின்னதுரை அண்ணன். ராஜய்யா என்று ஒரு தெலுங்குப் பையன், கம்பி கட்டுகிறவன். சைட்டில் விழுந்துவிட்டான், என்னவோ உளறுகிறான் என்றார். ஜெரோம் அண்ணன் எழுந்து நின்றே பேசினார்.

"வேர்க்குதா? இல்லியா? தோல் காஞ்சு கெடக்கா? நிழலுக்குத் தூக்கு. சட்டையக் கழத்து. ஐஸ் எங்க இருக்கோ எல்லாத்தையும் எடு, கக்கத்துல வை, தொடை இடுக்குல வை, கழுத்துல வை. வாய்ல தண்ணி ஊத்தாத, பொரை ஏறிரும். தண்ணிய மேல ஊத்து, விசிறு. விசிறுறத நிப்பாட்டாத. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா? வந்துட்டிருக்கா?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு பிக்கப் வண்டிக்கு ஓடினார். நானும் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. வழி நெடுக ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "விசிறுறியா? விசிறு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். லாரிகளுக்குப் பின்னால் பிக்கப் நகர்ந்தது. நான் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோயிருந்தது. தரையில் ஈரமும், உருகின ஐஸ் பைகளும், விசிறிய அட்டைப் பெட்டிகளும் கிடந்தன. சின்னதுரை அண்ணன் அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களைத் திட்டவில்லை.

"வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டார்.

ராஜய்யா பிழைத்தான். ஆனால் வெயில் அவன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெகு நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போனான், பிறகு வரவில்லை. திரும்பும் வழியில் ஜெரோம் அண்ணன் ஒன்றுதான் சொன்னார். "பக்கத்துல இருந்திருந்தா அப்பவே டிரிப்ஸ் ஏத்திருப்பேன்."

அடுத்த நாள் போட்டில் அலை அடங்கக் காத்திருந்தோம். நான் மேடத்திடம் கேட்டேன். "அந்த டனிச் சீட்ட கடைசில யாரு எடுத்தா?"

"பார்லிமெண்டேதான். சட்டம் போட்டு இந்த மாதிரி ஊர்களின் சீட்டையெல்லாம் எடுத்தார்கள். பெரிய நகரங்களுக்குக் கொடுத்தார்கள்."

"அந்த ரெண்டு டனிச் மெம்பரும் ஓட்டு போட்டானுவளா, அவுங்க சீட்டை எடுக்கதுக்கு?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தன் சீட்டைத் தானே எடுக்க யாராவது ஓட்டுப் போடுவார்களா?" என்றார்.

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ ஏன்டா இதெல்லாம் கேக்கிறாய்?"

"சும்மா அண்ணே, ஜெனரல் நாலெட்ஜ்" என்றேன்.

கூட்டம் வந்தது. சின்னதுரை அண்ணன் எழுந்தார். இந்த முறை நீளமாகப் பேசவில்லை. "ராஜய்யா விஷயம் எல்லாருக்கும் தெரியும். அதே கோரிக்கைதான்" என்று சொல்லி உட்கார்ந்தார். கேம்ப் பாஸ் விதியைப் படித்தார். அண்ணை தொண்டையைச் செருமினார்.

"நடந்தது கவலைதான். இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அவையளுக்கு இன்னொரு நர்ஸ் எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. எங்கட கேம்பை ஏன் இழுக்கிறியள்?"

"கேட்டாச்சுங்க" என்றார் சின்னதுரை அண்ணன். "டவுன்ல கிளினிக் இருக்கில்லன்னு எழுதி அனுப்பிட்டாங்க."

கேம்ப் பாஸ் ஓட்டுக்கு விட்டார். அவர்கள் இரண்டு கை மேலே போனது. மூன்றாவதாக என் கை போனது. எனக்கே அது வேறு யாருடைய கை மாதிரி இருந்தது.

அண்ணை திரும்பினார். "டேய், உனக்கென்ன விசரே? கையைக் கீழ போடு."

"போட மாட்டேன் அண்ணே."

"எங்கட பெடியளிட்டக் கேட்டனியே?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவானுவ. எனக்கும் வேண்டாம்னுதான் இருக்கு."

"பின்ன?"

"பதினொரு பேருக்கு ரெண்டு மெம்பர் அண்ணே. நம்ம நர்ஸுக்கு இங்க இருக்க ஒரே வேலை, தூண்டில் முள்ளு எடுக்கது. எடுத்துருங்க சார்" என்று கேம்ப் பாஸைப் பார்த்துச் சொன்னேன். "எங்க பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க."

அன்றைக்கு பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

ஜெட்டி கேம்பில் எனக்குக் கிடைத்த வரவேற்பை விவரிக்க வேண்டாம். மீன்குழம்பில் எனக்கு மீன் வரவில்லை, குழம்பு மட்டும் வந்தது. "மெம்பர் தியாகம் பண்ணவருலா, மீனு எதுக்கு?" என்றான் ஒருத்தன். எனக்குப் பிடித்த மாதிரியான ஜோக்தான், என்மேல் விழுந்ததுதான் குறை. முதலுதவி அறையை ஒரு நாள் லாரியில் ஏற்றினார்கள். கட்டில், ஃபிரிட்ஜ், ஆக்சிஜன் சிலிண்டர். ஜெரோம் அண்ணன் கேரம் போர்டை மட்டும் எங்களுக்கு விட்டுப் போனார். கொஞ்ச நாளில் நாங்களும் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம்.

பஸ் நான் நினைத்ததைவிட மோசம். கழுத்து வலித்தது. ஜெரோம் அண்ணனிடம் காட்டப் போனால், அறைக்கு வெளியே காரிடார் முழுக்க ஆள். முன்னால் போய் நிற்கலாமா என்று பார்த்தேன். "மெம்பரே, வரிசையில வாங்க" என்றார் சின்னதுரை அண்ணன். என் முறை வரும்போது வலியே போய்விட்டது.

அண்ணை மட்டும் என்னோடு பேசவில்லை. அதே போட், அதே மூன்று பேர். காலையில் தட்டைச் சங்கிலியில் இறக்கும்போது, "ஒண்டு... ரெண்டு... மூண்டு" என்பார். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் எத்தனை ஜோக் வீணாக்கினேன் என்பது கடலுக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் அவர் கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு மகளோடு பேசுவார். முதலில் பையன்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் சைட்டுக்குப் போக அதே பஸ்ஸில் ஏறியிருந்த சின்னதுரை அண்ணன் முன்னாலிருந்து அதட்டினார். "டேய், பாட்ட நிறுத்துங்கடா. அவரு புள்ளைகிட்ட பேசுறாரு." அதன் பிறகு அந்த நேரம் வந்தால் பஸ் தானாகவே அமைதியாகிவிடும். பரீட்சை நடந்த நாட்களில், அவர் ஃபோனை வைத்ததும் யாராவது ஒருத்தன் திரும்பி, "இன்னிக்கு என்னா பேப்பருங்கண்ணே?" என்று கேட்பான். அண்ணை பதில் சொல்வார். எல்லோருக்கும் சொல்வார். என் பக்கம் பார்க்காமல் சொல்வார்.

பிறகு அந்த மணல் திட்டையே வெட்டி எடுக்க உத்தரவு வந்தது. சுற்றுலாப் படகுகள் நிறுத்த அங்கே ஆழமான துறை வேண்டுமாம். எந்திரங்கள் வந்தன. மணலைக் கொட்டியவர்களே மணலை உறிஞ்சி எடுத்தார்கள். ஜெட்டி போனது, கேபின் நின்ற தரை போனது. வேலை முடிந்ததும் ஆழம் சரியாக இருக்கிறதா என்று அளக்க எங்களை அனுப்பினார்கள்.

மேடம் திரையில் கோட்டைப் போட்டார். எனக்கு எதுவும் சொல்லவில்லை. நான் பார்த்தேன். கோடு நேராக எங்கள் கேபின் வரிசையின் மேலே போனது. ஓட்டினேன். பச்சைத் தண்ணீர், தெளிவாக இருந்தது. இது சமையலறை. இது கேரம் ஆடின இடம். இது என் கட்டில்.

"ஆறு மீட்டர்" என்று மேடம் தனக்குள் படித்தார். "ஆறு புள்ளி இரண்டு."

ஜெட்டி முனை இருந்த இடத்தைத் தாண்டும்போது அண்ணை எஞ்சின் பக்கமிருந்து எழுந்து வந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உட்கார்ந்து மகளோடு பேசின இடம். கீழே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மெம்பர்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

"உன்ர தொகுதி வந்திட்டுது. சனமெல்லாம் கீழ நிக்குது போல. இறங்கி ஓட்டுக் கேளன்."

"நீங்களும்தான மெம்பர் அண்ணே. ரெண்டு பேரா இறங்குவோம்" என்றேன்.

"எனக்கு நீந்தத் தெரியாதடா, விசரா" என்றார். இத்தனை வருடம் கடலில் வேலை பார்த்த மனுஷர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. என்ன ஏது என்று புரியாமல் மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். போட் கோட்டை விட்டு எங்கேயோ போயிருந்தது.

மேசையில் பென்சில் இரண்டு தட்டு தட்டியது.

"மறுபடி."

சுக்கானைத் திருப்பினேன். எங்கள் தொகுதியின் மேலே முதலிலிருந்து இன்னொரு முறை வந்தோம்.